பதினாறு விதிகள்

இலக்கணம் என்றதும் முகஞ் சுளிக்காத மாணவரைக் காண்பது அரிது. ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூருக்கு அண்மையில் இருந்துகொண்டு, அவருடைய 'இலக்கணச் சுருக்க'த்தைக் கையில் ஏந்தும் எமக்கு இது வெட்கந் தருவதே. குற்றம் இலக்கணத்திலா, நாம் கற்பிக்கும் முறையிலா என்று அறிய விரும்பினோம். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே ஒன்றுமறியாத ஒரு மொழியைத் தேர்ந்தோம். பாடசாலை விட்டபின் வேப்பமர நிழலில் பதினொரு பிள்ளைகள் கூடினர். மொழி, எஸ்பெராந்தோ.

ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பியலிஸ்டொக் நகரில் 1859இல் பிறந்தவர் சாமன்ஹோப். ரஷ்யர், போலந்தினர், ஜெர்மானியர், யூதர் என நான்கு சாரார் வெவ்வேறு மொழி பேசி, ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த ஊர் அது. கண் வைத்தியரான அவர், 1887இல் வார்சாவில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மொழியின் இலக்கணம் முழுவதும் அதில் 16 விதிகளுள் அடங்கியது.

பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும். பெயரடை 'ஆ'வில் முடியும். செயப்படுபொருளோடு 'ன்' சேரும். ஆங்கிலேயர் இடறும் இவ்விடத்தில் எம் பிள்ளைகள் இடறவில்லை. 'நாய் பூனையைக் கண்டது' என்றாலும் 'பூனையை நாய் கண்டது' என்றாலும் பொருள் ஒன்றே என்பதை அவர்கள் தாய்மொழியிலேயே அறிவர். ஆண்டுக்கணக்காக உருப்போட்ட 'ஐ' உருபு செய்யும் வேலையை அன்றுதான் கண்டதாக ஒருவன் சொன்னான்.

வினைக்கு வந்தோம். நிகழ்காலத்துக்கு 'ஆஸ்', இறந்தகாலத்துக்கு 'இஸ்', எதிர்காலத்துக்கு 'ஓஸ்'. பால், எண், இடம் எதனாலும் வினை மாறாது.

"வந்தான், வந்தார் என்ற பேதமும் இல்லையோ, சேர்?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

இல்லை என்றோம். அவன் சற்றுநேரம் பேசவில்லை. கூலி வேலைக்குச் செல்லும் அவன் தந்தையை, அவரினும் இளையோர் 'வந்தான், போனான்' என்று சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம், கேட்டும் வாளாவிருந்திருக்கிறோம். ஒரு விகுதிக்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கும் என்று நாம் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

எஸ்பெராந்தோவும் குற்றமற்றதன்று. தந்தை 'பத்ரோ', இடையே 'இன்' சேர்த்தால் தாய், 'பத்ரினோ'. "தாயை ஏன் தந்தையிலிருந்து உண்டாக்க வேண்டும்?" என்றாள் ஒரு மாணவி. நல்லெண்ணத்தோடு ஆக்கிய மொழியிலும் ஆக்கியவனுடைய காலம் புகுந்துவிடுகிறது என்பதன்றி வேறு விடை எமக்குத் தோன்றவில்லை.

பொதுமொழி ஒன்று இருந்தால் பகை தணியும் என்று நம்பிய சாமன்ஹோப் 1917இல் மறைந்தார். அவர் மகனை 1940இல் நாஜிகள் சுட்டுக் கொன்றனர். புதல்வியர் இருவரும் 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டனர். பகையின் வேர் சொல்லில் மட்டுமில்லை; அதிகாரத்திலும் உடைமையிலும் இருக்கிறது.

இதைச் சொல்லி முடித்த அன்று, முன்னர் கேட்ட அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "பக்கத்தில் சிங்களம் இருக்க, நாங்கள் ஏன் இதைப் படிக்கிறோம், சேர்?"

1956இன் தனிச்சிங்களச் சட்டம் எம் பாட்டன்மார் தலைமுறைமீது அம்மொழியைக் கட்டளையாகச் சுமத்தியது. கட்டளையாக வந்ததை விரும்பிக் கற்க எவருக்கும் மனம் வராது. 1987இல் தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதப்பட்ட பின்னரும், தமிழில் விண்ணப்பித்துச் சிங்களத்தில் பதில் பெற்றவர்களுள் நாமும் ஒருவர். அந்த மனக்குறை நியாயமானது. அதைக் கைவிடவும் மாட்டோம். ஆயினும், அரசு செய்த குற்றத்துக்காக அயலூர் உழவனின் மொழியை நாம் தண்டித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

பரீட்சைக்குப் படித்து மறந்த சிங்களப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா' என்றால் நான் போகிறேன். 'எயா யனவா' என்றால் அவன் போகிறான், அவள் போகிறாள் இரண்டுமாம். 'யனவா' மாறுவதேயில்லை. வார்சாவில் தேடிச்சென்று நாம் வியந்த விதி, வவுனியாவைத் தாண்டினால் சந்தையில் கேட்கக் கிடைப்பது.

மறுவாரம் அதே மரநிழலில் அந்த மாணவனையே கரும்பலகையில் எழுதச் சொன்னோம். அவன் 'யனவா' என்று எழுதினான்.