சின்ன வண்டி

பேர் பெற்ற குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உத்தியோகத்தில் உயர்ந்த மூத்த பிள்ளையைப் பற்றி ஊரே பேசும். வீட்டோடு இருந்து, தாய்க்கு மருந்து வாங்கி, தகப்பனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த கடைக்குட்டியின் பெயர் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. வண்டி செய்யும் கம்பெனிகளின் குடும்பத்திலும் இதே கதைதான் என்று சென்ற மாதம் தெரிந்துகொண்டேன்.

வாலாஜாபேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த அக்காவின் வண்டியை விலைக்குக் கேட்கச் சென்னையிலிருந்து வந்திருந்தான்.

"அந்த வண்டியையா?" என்றேன்.

"ஆமாம் சார். என்ஃபீல்டு சில்வர் பிளஸ். இப்போது கிடைப்பதே அபூர்வம்" என்றான், ஏதோ புதையலைப் பற்றிப் பேசுகிறவன் போல.

என்ஃபீல்டு என்றால் நமக்கெல்லாம் புல்லட்தான். தெருக்கோடியில் திரும்பும்போதே, வருவது யார் என்று வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிடுகிற வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனியும் நம் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-க்குள் இங்கிலாந்தில் தாய் வீடு மூடிக்கிடந்தது. இங்கே பிள்ளை பிழைத்துக் கொண்டது. இவ்வளவு எனக்கும் தெரியும்.

ஆனால் புல்லட்டுக்குத் தம்பி தங்கைகள் இருந்ததை அந்த இளைஞன் சொல்லித்தான் கேட்டேன். 1960-களில் ஃபேன்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர். வில்லியர்ஸ் எஞ்சின், 175 சிசி, காலால் உதைக்க வேண்டாம், மின்சாரத்திலேயே கிளம்பும். பெயரில் இருந்த அற்புதம் அதன் ஆயுளில் இல்லை. பிறகு 1980-களில் ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியின் வடிவங்களைக் கொண்டு சின்னச் சின்ன வண்டிகள் செய்தார்கள். அந்தச் சுண்டாப் 1984-இல் நொடித்துப்போய், அதன் இயந்திரங்கள் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே மோபா என்று சைக்கிளுக்கு அண்ணன் போல ஒரு மொபெட்டும் வந்தது. மோட்டார் வைத்த சைக்கிளுக்கு ஜெர்மானியர் வைத்த பெயராம் அது.

"1994-இல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. கடைசியில் நிலைத்தது புல்லட்தான் சார்" என்றான் அவன். "இத்தனைக்கும் ரெட்டிச்சில் அவர்களுடைய ஆதித் தொழில் என்ன தெரியுமா? தையல் ஊசி!"

காப்பி கொண்டு வந்த அக்கா சிரித்தாள். "ஊசியா? அப்போ நம்ம தொழில்தான்."

அக்கா கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமானபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கையில் ஒரு பெண் குழந்தை. ஐந்து கிராமங்கள் அவள் பொறுப்பு. பஸ்ஸோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிரசவ வலி பஸ் நேரம் பார்த்தா வருகிறது? 1985-இல் கடன் போட்டு இந்த வண்டியை வாங்கினாள். ஏன் இதையே வாங்கினாள் என்பதற்கு அவள் சொன்ன காரணம் எளியது. முழங்கால்களுக்கு நடுவே பெட்ரோல் டாங்க் கிடையாது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம். புடவை கட்டியவள் சைக்கிளில் ஏறுவது போல ஏறி உட்காரலாம். கியரையும் கையாலேயே மாற்றலாம்.

வீட்டில் பெரிய ரகளை நடந்தது. "தாலி இழந்தவள் தெருவில் வண்டி ஓட்டுவதா?" என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்து, "தம்பி, பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் வாடா. பின்னாலே பிடிச்சுக்கிட்டு ரெண்டு சுற்று ஓடி வந்தா போதும்" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி கட்டுகளை அறுத்துக்கொண்டு தனியாக வெளியூர் போகிறாள். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அந்த வாரத்து அத்தியாயத்தை அனுப்ப வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அது பொய் அல்ல. ஆனால் உண்மையும் அல்ல. மைதானத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே என் நண்பர்கள் இருப்பார்கள். அக்கா வண்டிக்குப் பின்னால் நான் ஓடுவதை அவர்கள் பார்ப்பார்கள் என்ற வெட்கம்தான் உண்மை.

அவளுடைய பெண், பத்து வயதுச் சிறுமி, பிடித்துக்கொண்டு ஓடினாள். அக்கா இரண்டு முறை விழுந்தாள். முழங்கையில் அவளே மருந்து போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். நான் அந்த அத்தியாயத்தை மிக நன்றாக எழுதினேன்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்த வண்டி ஓடியது. மழை இரவுகளில் சேற்றில் தள்ளியும் போயிருக்கிறாள். சுற்று வட்டாரத்தில் எனக்கு இருந்த பெயர் 'நர்ஸம்மாவோட தம்பி'. இன்று அவளை 'எழுத்தாளரின் அக்கா' என்கிறார்கள். இதை நான் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாற்பதாயிரம் தருகிறேன் அம்மா" என்றான் இளைஞன்.

"இந்தத் துருவுக்கா? ஏம்பா?"

"புல்லட் பிறந்த வீட்டில் பிறந்தது இல்லையா? அந்தப் பேருக்குத்தான்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அண்ணன் பேரைச் சொல்லித்தான் தங்கச்சிக்கு மரியாதையா? நான் ஒரு நாளும் புல்லட்லே போகலையே. என்னைச் சுமந்தது இதுதானே" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

"முதல்லே ஓடுதான்னு பாரு. அப்புறம் விலை பேசலாம்."

பையன் கெட்டிக்காரன். பிளக்கைக் கழற்றித் தேய்த்தான், கார்ப்பரேட்டரை ஊதினான், பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினான். உதைத்தான், உதைத்தான், வேர்த்து வழிய உதைத்தான். எத்தனையாவது உதையிலோ ஓர் இருமல். பிறகு படபடவென்று சத்தம். கொட்டகை முழுக்க நீலப் புகை. கோழிகள் சிதறி ஓடின.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எழுபத்து நான்கு வயசும் முழங்கால் வலியும் யாருடையதோ என்பது போல, வந்து வண்டியில் உட்கார்ந்தாள். நான் பதறி ஓடி, பின்பக்கக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"கையை எடுடா" என்றாள். "எனக்கு ஓட்டத் தெரியும்."