கொட்டாஞ்சேனையில் ஒரு தென் ஐரோப்பா

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாக வடக்கே சென்று, கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்து கொட்டாஞ்சேனை மேட்டை அணுகுவோர்க்கு, வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பெரிய குவிமாடம் தென்படும். அதுவே புனித லூசியாள் பேராலயம். கொழும்பு அதிமேற்றிராணியாரின் ஆசனக் கோயில். இத்தாலி தேசத்துத் தலங்களை நேரிற் காணும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆயினும் அத்தலங்களின் பெயரையும் சாயலையும் வரலாற்றுத் தொடர்பையும் அறிய விரும்பும் மாணவர், ஒரு பிற்பகலைக் கொட்டாஞ்சேனையிற் கழித்தாற் போதும்.

லூசியாள் சிசிலித் தீவிலுள்ள சீராக்கூசா நகரத்துக் கன்னி. கி.பி. 304ஆம் ஆண்டு, உரோமப் பேரரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், உயிர் துறந்தவள் என்பர். கண்ணோய் தீர வேண்டி அவளை மன்றாடுவது கத்தோலிக்கர் வழக்கம். அவளுக்குரிய திருநாள் டிசம்பர் 13. அவள் பிறந்த ஊரின் பேராலயம் ஓர் அற்புதம். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிற் கிரேக்கர் தம் தெய்வமாகிய அதீனாவுக்கு எழுப்பிய கோயிலே பிற்காலத்தில் தேவாலயமாயிற்று. பழைய கோயிலின் பருத்த கற்றூண்கள் இன்றும் அதன் சுவர்களிடையே நிற்கின்றன.

நம் கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் தோற்றமோ உரோமாபுரியை நினைவூட்டுவது. மைக்கலாஞ்சலோ வகுத்த மாடத்தைத் தாங்கி நிற்கும் புனித இராயப்பர் பேராலயத்தின் சாயலை இதில் அறிஞர் காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணியைத் தொடங்கியவர் மேற்றிராணியார் சில்லானி. அவர் சில்வெஸ்திரின் துறவியர் சபையைச் சேர்ந்தவர். இத்தாலியில் ஃபாபிரியானோ நகருக்கு அருகிலுள்ள ஃபானோ மலையில் 1231ஆம் ஆண்டு தோன்றிய மடமே அச்சபையின் தாயகம். அம்மலை மடத்தின் வழிவந்தோர் 1845இல் இலங்கைக்கு வந்தனர். 1883இற்குப் பின்னர் கண்டிப் பகுதி அவர்களுடைய பணிக்களமாயிற்று.

ஃபானோ மலையில் மடம் தோன்றிய அதே 1231ஆம் ஆண்டிலேதான் பதுவை நகரில் அந்தோனியார் மறைந்தார். லிஸ்பன் நகரிற் பிறந்து, நாவன்மையால் இத்தாலி மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர் அவர். அவருடைய சமாதிமேல் 1232இல் எழத் தொடங்கிய பேராலயம் பல மாடங்களோடு விளங்குகின்றது. அவருடைய நாவை அங்கே பேழையிலிட்டுப் போற்றி வருகின்றனர். அந்நாவின் ஒரு சிறு பகுதி நம் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் உண்டு. கொழும்புத் துறைமுகத்தை அடுத்த அவ்வாலயத்தைப் பேராலயத்திலிருந்து நடந்தே அடையலாம்.

மாடமும் பெயரும் கடல் கடந்து வந்தவை. ஆனால் இத்தலங்களுக்கு வித்திட்டவர் யார்? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒல்லாந்தர் 1656இற் கொழும்பைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தனர், குருமார் வெளியேற்றப்பட்டனர். அந்த இருளில் 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு மறைவாக வந்து சேர்ந்தவர் கோவையார் யோசேப் வாஸ் அடிகள். அவர் ஐரோப்பியர் அல்லர்; கோவாவிற் பிறந்த இந்தியர். பிச்சைக்காரர் கோலம் பூண்டு வீடு வீடாகச் சென்று மக்களைத் தேற்றிய அவர், 1711இற் கண்டியிற் காலமானார். 2015இற் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கொச்சிக்கடை ஆலயத்தின் தொடக்கமும் இத்தகையதே. கொச்சியிலிருந்து வந்து, வணிகர் வேடத்தில் ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவானவர், கடல் அரிப்பால் வருந்திய முகத்துவாரத்து மீனவர்க்காகக் கரையிற் சிலுவை நாட்டி வேண்டினார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் மரபு கூறும். ஒல்லாந்தர் தம்முடைய வுல்வெண்டால் தேவாலயத்தை 1757இல் மேட்டின்மீது கம்பீரமாகக் கட்டி முடித்தனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே அயலிற் பலகையும் ஓலையும் கொண்டு ஒரு சிறு குடிசை எழுந்தது. அக்குடிசை இருந்த இடமே இன்றைய லூசியாள் பேராலயம். ஆளுவோரின் ஆதரவின்றி, எளிய மக்களின் பற்றுதலால் வளர்ந்த தலங்கள் இவை.

அப்பற்றுதல் கத்தோலிக்கரோடு நின்றுவிடவில்லை. அந்தோனியாரை அடக்கம் செய்த கிழமை செவ்வாய் என்பதால் அது அவருக்குரிய நாளாயிற்று. நமக்கோ அது முருகனுக்கு உகந்த நாள். ஜிந்துப்பிட்டி முருகனை வணங்கிவிட்டுக் கொச்சிக்கடையில் மெழுகுதிரி ஏற்றும் சைவப் பெண்களை யாரும் காணலாம். அவர்களோடு பௌத்தரும் வருவர். அணித்தே, சேர். பொன். இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கின்றது. இங்கே மணியோசையும் அங்கே நாதசுரமும் ஒரே காற்றில் வருகின்றன.

2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், பூசை நடந்துகொண்டிருந்த அவ்வாலயத்திற் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களில் 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் அருகருகே முழந்தாளிட்டிருந்த இடம் குருதியில் நனைந்தது. கடற்படையினர் கட்டடத்தைச் சீர்செய்ய, ஜூன் 12ஆம் நாள், அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் திரும்பி வந்தது.

கல்லையும் சுண்ணத்தையும் மீண்டும் பூசிவிடலாம். அயலார் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையைக் காப்பது அத்துணை எளிதன்று. அறியாமையிலேதான் அச்சம் முளைக்கின்றது. ஆதலாற் பெற்றோர் தம் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் இத்தலங்களுக்கு அழைத்துச் செல்வாராக. லூசியாள் யார், பதுவை எங்கே உள்ளது, ஓலைக் குடிசை எவ்வாறு பேராலயமாயிற்று என்று சொல்லிக் கொடுப்பாராக. அங்கே பேசுங்குரலைத் தாழ்த்தவும், வழிபடுவோருக்கு இடையூறின்றி ஒதுங்கி நிற்கவும் பழக்குவாராக. அயல்வீட்டாரின் கோயிலை மதித்து நடக்கக் கற்ற பிள்ளை, தன் கோயிலிலும் நல்லடியானாக நிற்பான்.