மட்டை வீச்சும் மேல்காற்றும்

மட்டை வீச்சின் விசை கையில் பிறக்கிறதா, இடுப்பில் பிறக்கிறதா என்னும் வாதம், தென்காசி வட்டாரத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞருக்கும் அமெரிக்கப் பேஸ்பால் வீரருக்கும் பொதுவானது. 1941-இல் .406 என்னும் அடிவிகிதத்தை, அதாவது கணக்கில் வரும் ஆயிரம் வாய்ப்புக்கு 406 வெற்றி அடி என்னும் அளவை எட்டிய டெட் வில்லியம்ஸ், இடுப்பே முதலில் திரும்பிக் கைகளை இழுத்துவர வேண்டும் என்றும், மேட்டிலிருந்து எறியப்படும் பந்து சற்றே சரிந்து வருவதால் மட்டையும் சற்றே மேல்நோக்கி எழுந்தால்தான் இரண்டும் ஒரே தடத்தில் சந்திக்கும் என்றும் வாதிட்டார். சார்லி லாவ் என்னும் பயிற்சியாளரோ, உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறுவதையே முதன்மையாகக் கொண்டார்.

கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும்புவதால், வில்லியம்ஸ் சொன்ன தடம் குத்தாமல் வரும் ஃபுல்டாஸுக்கே நன்கு பொருந்தும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. குற்றாலச் சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேல்காற்று, அறுபது கிராமைக்கூடத் தொடாத டென்னிஸ் பந்தை, அது மலைப்பக்கம் தூக்கி அடிக்கப்பட்டால், அந்தரத்திலேயே தடுத்து ஃபீல்டரின் கையில் இறக்கிவிடும் (அடித்தவர் மட்டையை முறைத்துப் பார்ப்பது வழக்கம்). வாதத்தில் இடுப்புக் கட்சியே வலுவானது. எனினும் ஆடி மாதத்தில் மேற்கு நோக்கித் தரையோடு அடிப்பதே அறிவு.