தாழ்த்தும் முன் அளந்து பாருங்கள்



இந்த வாரச் சிந்தனை ஒரு காரின் ஸ்பிரிங்கைப் பற்றியது. போதகருக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். நம் சபை வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது இது. அவருடைய சம்மதத்தோடேயே எழுதுகிறேன். ஊழியத்துக்கு வருமுன் என் தகப்பனாரின் ஒர்க்‌ஷாப்பில் சில ஆண்டுகள் கிரீஸ் படிந்த கைகளோடு வேலை செய்தவன் நான் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். ஆகவேதான் அவர் என்னிடம் வந்தார்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கோடா ஸ்லாவியா வாங்கியிருக்கிறார். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன். 2022-ல் விற்பனைக்கு வந்த இந்தக் காருக்கு, நம் நாட்டுச் சாலைகளை மனதில் வைத்து 179 மி.மீ. தரை இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். அதனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல்கள் நுழைகின்றன. அதுதான் அவருடைய மனக்குறை. "ஐயா, பாயப் போற புலி மாதிரி நிக்க வேண்டிய வண்டி, வயல்ல நிக்கிற கொக்கு மாதிரி நிக்குது" என்றார். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் அரை நாளில், சொற்பச் செலவில் வண்டி தாழ்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வெட்டலாமா ஐயா?" என்பதே கேள்வி.

அழகை விரும்புவது பாவமல்ல. தாழ்ந்த வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்பதும் உண்மை. ஆனால் வெட்டுவது வேறு, தாழ்த்துவது வேறு. ஸ்பிரிங்கின் முனை, அது உட்காரும் கிண்ணத்துக்குப் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. வெட்டிய முனை அங்கே சரியாக உட்காராது. ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கென்று செய்யப்பட்டது. அதைவிட ஆபத்து, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையைவிட்டு நழுவக்கூடும். சிலர் கேஸ் அடுப்பில் சூடாக்கி அமுக்குவார்கள். பதமேற்றிய எஃகு சூட்டில் பதத்தை இழக்கும். பிறகு அது தொய்வதும் உடைவதும் நமக்குச் சொல்லிவிட்டு நடப்பதில்லை.

தாழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட லோயரிங் ஸ்பிரிங்குகள் கடையில் உண்டு. அவற்றில் விறைப்பு அளவாகக் கூட்டப்பட்டிருக்கும். முனைகள் சரியாக உட்காரும். சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங் இடத்தைவிட்டு அசையாது. தேர்ந்தெடுக்கும்போது மூன்று காரியங்களைப் பாருங்கள். முதலாவது, அது உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் உரியதா? எஞ்சினின் எடை மாறினால் முன் அச்சின் பாரமும் மாறும். இரண்டாவது, எவ்வளவு தாழ்த்துகிறது? பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்பவர்கள் 25 அல்லது 30 மி.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மூன்றாவது, அதன்மேல் பாக எண் பொறித்திருக்கிறதா, எந்த அச்சுப் பாரம் வரை தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்களா? ஜெர்மனியில் இத்தகைய ஸ்பிரிங்குகளை, எந்தக் காருக்கு, எவ்வளவு அச்சுப் பாரத்துக்கு என்று சோதித்து எழுதிய சான்றுத் தாளோடு விற்கிறார்கள். தாள் இல்லாத மலிவுச் சரக்கு மலிவல்ல.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில் ஓவர் தொகுதி பல மடங்கு விலை; அன்றாட ஓட்டத்துக்கு நான்கு ஸ்பிரிங்குகள் போதும். ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டிய காலம் வரும்வரை காத்திருந்தால், கழற்றி மாட்டும் கூலி ஒருமுறையோடு முடியும். முன்பக்க ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போதே தேய்ந்த மேல் மவுண்டையும் பேரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் பூசி வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் தேவைப்படும்.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்குக்குள் அடங்கியிருக்கும் விசை ஒரு மனிதனின் முகத்தைச் சிதைக்கப் போதுமானது. நல்ல கம்ப்ரசர் கருவியை எதிரெதிர்ப் பக்கங்களில் பூட்டி, இரண்டையும் சமமாக முறுக்கி, ஸ்பிரிங் இருக்கையைவிட்டுத் தளர்ந்த பிறகே மேல் நட்டைக் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் கீழே போகலாகாது, ஸ்டாண்டு வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டை, சக்கரங்கள் தரையில் பாரம் ஏற்ற நிலையிலேயே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து விரைவில் கிழியும். புதிய ஸ்பிரிங் படிந்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டின் உயரத்தையும் சரிசெய்யுங்கள். அலைன்மென்ட்டில் மிச்சம் பிடிப்பவர் டயரில் செலவழிப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "வா தம்பி, அளந்து பார்ப்போம்" என்றேன். ஆலய வளாகத்தின் சமதளத்தில் வண்டியை நிறுத்தினோம். அவரோடு பெற்றோர், பாட்டி, தங்கை ஆகிய ஐவரும் ஏறி, டிக்கியில் பைகளும் வைத்தபோது வண்டி 3 செ.மீ. இறங்கியது. இதோடு லோயரிங் ஸ்பிரிங்கின் 3 செ.மீ. சேர்ந்தால், 179-ல் எஞ்சுவது ஏறக்குறைய 120 மி.மீ.

நம் சாலைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. ஸ்லாவியாவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.65 மீட்டர்தான். ஆதலால் நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின்மேலேயே ஏறி நிற்கும்; வயிற்றுப்பகுதிக்கு நடுவில் தேவைப்படும் இடைவெளி ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே. தாழ்த்திய வண்டியும் தடையின்றிக் கடக்கும். நம் தெருக்களில் அவரவர் சிமெண்டைக் குவித்துக் கட்டிய ஒடுங்கிய மேடுகளோ இரு சக்கரங்களுக்கும் நடுவே அடங்கிவிடும். மேட்டின் முழு உயரமும் அப்போது வண்டியின் வயிற்றுக்கு நேர் எதிரே நிற்கும். 12 செ.மீ. உயர மேடு என்றால் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் அவசர இரவில் வண்டி அங்கேயே தட்டும். நாகூரைத் தாண்டி நம் ஊருக்குள் வரும் நெடுஞ்சாலையில் துறைமுக லாரிகள் உண்டாக்கும் பள்ளங்களையும், ஐப்பசி கார்த்திகை மழைநீர் அவற்றை மறைப்பதையும் நீங்களே அறிவீர்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது அதே ஆண்டின் திருத்தம். ஆகவே வாங்குமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முன்னதாகச் செலவைக் கணக்கிடுவதைப் பற்றிப் பேசுகிறார். செலவு என்றதும் நாம் பணத்தை மட்டும் நினைக்கிறோம். உபாகமம் 22-ல் வீடு கட்டுகிறவனுக்கு மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டும்படி கட்டளை உண்டு. வீடு அவனுடையது, மாடியும் அவனுடையது. ஆனாலும் அங்கிருந்து விழக்கூடிய அயலானுடைய உயிரும் அவன் கணக்கில் எழுதப்படுகிறது. கார் உங்களுடையதாக இருக்கலாம். பின் இருக்கையில் இருப்பவரும், எதிரே சைக்கிளில் வருகிறவரும் உங்கள் ஸ்பிரிங்கின்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக் கூட்டிய பிறகு வருவதே கட்டுப்படியாகும் விலை.

அந்தத் தம்பி வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டார். இப்போதைக்கு டயரில் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்தார். வண்டி ஒரு பக்கம் இழுப்பது நின்றது. அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறார். பதில் சாதகமானால் 25 மி.மீ. ஸ்பிரிங்குக்குப் பணம் சேர்ப்பாராம். டயருக்கு மேலே நான்கு விரல் இன்னும் நுழைகிறது. அது அவருக்கு வருத்தந்தான். அந்த வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆசையைப் பொறுத்திருக்கச் செய்வது வாலிப வயதில் பெரிய காரியம்.

இந்த வாரம் நீங்களும் ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்குப் பிரியமான ஏதோவொரு செலவை எடுத்து, அதன் பாரத்தை உங்களோடு யார் யார் சுமக்கப்போகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் ஆசைகளை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை வெறுக்காமலும் அவற்றுக்கு அடிமையாகாமலும் அளந்து நடக்கும் ஞானத்தைத் தாரும். எங்கள் வாகனங்களில் ஏறுகிறவர்களையும் எங்கள் வழியில் எதிர்ப்படுகிறவர்களையும் பத்திரமாய் வீடு சேர்ப்பியும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.