யார் மேல் குற்றம்?

உலகத்தில் எத்தனையோ அலுப்புத் தரும் புத்தகங்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு இணையான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அதில் கதையும் கிடையாது, படமும் கிடையாது. பெயர்களும் அவற்றுக்கு எதிரே சிறு கோடுகளுந்தான். அப்படிப்பட்ட புத்தகத்தைச் சென்ற வருஷம் நான் ஊன்றிப் படிக்கும்படி நேர்ந்தது. அதன் பயனாக, 40 வருஷ காலமாக எங்கள் வீட்டில் தீராமல் இருந்து வந்த ஒரு வழக்குத் தீர்ந்தது. அந்த விவரத்தைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் உத்தியோகம் பார்ப்பது ஏலகிரி மலையில். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் வேறொரு உலகத்துக்கு வந்துவிட்டது போலிருக்கும். கீழே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவதற்கென்றே ஏற்பட்டது போன்ற வெயில்; மேலே குளிர்ந்த காற்று. விடுமுறைக்கு வருகிறவர்கள் புங்கனூர் ஏரியில் படகு விட்டு, பலாப்பழம் வாங்கிக் கொண்டு, "ஆஹா, என்ன ஆரோக்கியமான இடம்!" என்று வியந்து இறங்கிப் போவார்கள். நானும் அவ்விதமே எண்ணியிருந்தேன்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் என் வகுப்பில் ஒரு பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு ஒரு பெண்ணுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் பள்ளிக்கூடம் முழுவதிலுமாக 11 குழந்தைகள் படுத்துவிட்டார்கள். ஒருவர் வெயிலைக் குறை கூறினார். ஒருவர் மாம்பழத்தைக் குறை கூறினார். மழைக்காலத்தில் மாம்பழம் ஏது என்று கேட்பார் இல்லை.

ஒரு நாள் மாலை எல்லா வகுப்புப் பதிவேடுகளையும் மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வராத குழந்தைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவர்கள் இருக்கும் தெருவையும் குறித்தேன். குறித்து முடிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 11 பேரில் 9 பேர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக் குழந்தைகள்! கிருமி உடம்புக்குள் புகுந்து காமாலையாக வெளிப்படுவதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும் என்பதைப் படித்திருந்தேன். ஆகவே நான்கு வாரத்துக்கு முன்பு என்ன நடந்தது என்று விசாரித்தேன். அந்தச் சமயத்தில்தான் சாக்கடை ஓரமாகப் போகும் குழாய் உடைந்து, சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள். சுகாதார ஆய்வாளரிடம் தாளைக் காட்டினேன். குழாயை மாற்றினார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வீடு வீடாகச் சொன்னோம். நாளடைவில் புதிதாக யாரும் படுக்கவில்லை.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1854-ம் வருஷம் லண்டன் நகரத்தில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்னும் டாக்டர் செய்த காரியம் இதுவே. இறந்தவர்களின் வீடுகள் எங்கே இருந்தன என்று பார்த்தார். அவை பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே மொய்த்திருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை ஆராய்ந்து நிலைநாட்டியது 1884-ல். அதாவது கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு 30 வருஷம் முன்பே, வெறும் எண்ணிக்கையைக் கொண்டு நோயின் வழியை அறிந்துவிட்டார்கள்! ஒரு நோயாளியைப் பார்த்தால் நோய் தெரியும். ஊரையே பார்த்தால்தான் நோய் வந்த பாதை தெரியும். தொற்றுநோயியல் என்னும் சாஸ்திரத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்றிரவு என் தாயாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த மாதிரி எண்ணிப் பார்த்தா, தம்பிக்கு ஏன் வந்துதுன்னும் சொல்ல முடியுமா?" என்றாள்.

எனக்கு நெஞ்சில் அடித்தது போலிருந்தது.

என் தம்பி 1983-ல் ஆம்பூரில் பிறந்தான். மறு வருஷம் ஆடி மாதத்தில், அம்மா எங்கள் இருவரையும் ஜலகம்பாறை அருவிக்கு அழைத்துப் போய்க் குளிப்பாட்டினாள். அன்றிரவே தம்பிக்குக் காய்ச்சல். சில நாளில் இடது கால் துவண்டுவிட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். "பச்சைக் குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினாயே!" என்று பாட்டி சொன்னாள், அத்தை சொன்னாள், தெருவே சொன்னது. அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்ததற்கு அடையாளமான அட்டையை மட்டும் பெட்டியின் அடியில் இன்று வரை வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அருவிப் பக்கம் அவள் போனதே இல்லை.

தம்பி இப்போது ஆம்பூரில் பூட்ஸ் மேல்தோல் வெட்டும் வேலையில் கெட்டிக்காரன். தனக்கு வேண்டிய ஜோடியைத் தானே தயார் செய்துகொள்கிறான். இடது கால் சிறுத்திருப்பதால் அதற்கு இரண்டு அளவு குறைவு. அதைப் பற்றி அவனே வேடிக்கையாகப் பேசுவான். அம்மா அப்போது எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அம்மாவின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நமக்கு வெகு அருகில் நடந்த ஓர் அரிய ஆராய்ச்சி தெரிய வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் என்னும் குழந்தை வைத்தியர் சொட்டு மருந்தைப் பற்றி ஆராய்ந்து 1972-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். குளிர்ந்த தேசங்களில் மூன்று தவணையில் கிடைக்கும் பாதுகாப்பு நம் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு மூன்று தவணையில் கிடைப்பதில்லை. இன்னும் அதிகத் தவணைகள் வேண்டும் என்பதே அது. ஒரே காலத்தில் ஊரிலுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும் முறையை வேலூர் நகரத்தில் செய்து பார்த்து, நோய் கட்டுப்பட்டதை 1983-ல் வெளியிட்டார்கள். என் தம்பி பிறந்த அதே வருஷம்! வேலூருக்கும் ஆம்பூருக்கும் 50 கிலோமீட்டர் தூரந்தான். நோய்க்கு அந்தத் தூரத்தைக் கடக்கச் சில நாட்கள் போதும்; அறிவு கடப்பதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. வட ஆற்காடு ஜில்லாவிலுள்ள டாக்டர்கள் தாங்கள் கண்ட தொற்றுநோய்களை உடனுக்குடன் அஞ்சலட்டையில் எழுதிப் போடும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். கலியாண விசேஷம் எழுதும் அட்டையைக் கொண்டே ஒரு ஜில்லாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள்! அந்த முறை வளரும் நாடுகளுக்கு ஒரு மாதிரி என்று 1998-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. தேசம் முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் 1995-ல் தொடங்கியது. 2009-ல் 741 குழந்தைகள் முடமானார்கள். 2010-ல் 42 பேர். 2011-ல் ஹௌராவில் ஒரே ஒரு குழந்தை. அதற்குப் பிறகு இயற்கைக் கிருமியால் இந்தியாவில் ஒரு குழந்தையும் கால் இழக்கவில்லை. 2014 மார்ச் 27-ல் நற்சான்றும் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, அந்தக் கிருமி குளிர்ச்சியில் பிறப்பதில்லை. காமாலை போலவே, அசுத்தத்திலிருந்து வாய் வழியாகப் போவது. காய்ச்சல் காண்பதற்கே சில நாள் முன்னதாக அது உள்ளே போயிருக்க வேண்டும். அன்றிரவே காய்ச்சல் வந்தது என்றால், அருவிக்குப் போகும்போதே தம்பியின் உடம்பில் அது இருந்திருக்கிறது."

அம்மா அசையாமல் இருந்தாள்.

"இன்னொன்று. 200 குழந்தைகளுக்குத் தொற்றினால் சுமார் ஒரு குழந்தைக்குத்தான் கால் போகும். தம்பி ஒருவன் நொண்டினான் என்றால், நம் சுற்றுப்புறத்தில் எத்தனையோ குழந்தைகள் உள்ளே கிருமியோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. நானும் அதில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். நம் வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தவளே நானாகவும் இருந்திருக்கலாம்."

"சீ, அப்படிச் சொல்லாதே! உனக்கு அப்போ அஞ்சு வயசு. நீ என்ன செய்வே?" என்றாள் அம்மா படபடப்பாக.

"அப்படியானால் நீ மட்டும் என்ன செய்திருப்பாய்? மூன்று தவணை கொடுக்கச் சொன்னார்கள், மூன்றும் கொடுத்தாய்."

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அட்டையைக் கொண்டு வந்து, "உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இதைக் காட்டு. மூணு பத்தாதுன்னு சொல்லு. கூப்பிடும்போதெல்லாம் போகச் சொல்லு" என்றாள்.

எண்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. ஊரார் 40 வருஷமாக ஒரு தாயின் தலையில் சுமத்தியிருந்த குற்றத்தை இறக்கி வைத்தவை எண்கள்தாம். இந்த ஆடியில் தம்பி விடுமுறைக்கு வந்தபோது, அம்மா தானாகவே ஜலகம்பாறைக்குப் போகலாம் என்றாள். நாங்கள் மூவரும் போனோம். தம்பி குளித்தான். அம்மா கரையில் உட்கார்ந்து அவனுடைய பூட்ஸ் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.