மறைத்த கன்று

கோணிய முகத்துடன் பிறந்திறந்த கன்றொன்றைத் தந்தையார் இரவோடிரவாகப் புதைத்தார். எங்கள் நாம்பனின் பெயர் கெடலாகாது என்பதே அவர் கவலை.

பின்னர் கால்நடை மருத்துவம் கற்கையில் அமெரிக்க ஹெரபோர்ட் மாடுகளின் வரலாற்றை அறிந்தேன். 1940களில் கண்காட்சிப் பரிசுகள் குறுகித் திரண்ட உடலையே நாடின. அத்தெரிவினாற் குள்ளத்தன்மைக்குரிய பரம்பரையலகின் காவிகளும் பெருகின. காவிகள் இரண்டு இணையின், நான்கிலொரு கன்று குள்ளமாகலாம். பிறந்த குள்ளக் கன்றுகளை மறைத்தோர் பலர். குறையோ பட்டிதோறும் பரவிற்று.

இன்று பல குறைபாடுகளுக்கு டி.என்.ஏ. சோதனையுண்டு. காவியைக் கழிக்கவும் வேண்டியதில்லை; காவியல்லாததோடு இணைத்தால் அக்குறையுடைய கன்று பிறவாது. ஆயினும், பிறந்ததைப் பிறந்தவாறு ஏட்டிற் பதிதல் வேண்டும்.

எங்கள் கன்றின் கோணல் பரம்பரையாலோ பிறிதாலோ? அறியும் வழியையும் சேர்த்தே புதைத்துவிட்டோம். அயலாரின் பசுக்கள் அதன் பின்னரும் எங்கள் நாம்பனிடம் வந்தன.