காய்ந்த ஏரி, தடித்த டயர்

படாளம் கூட்டுரோடு. இன்னும் விடியவில்லை. டீக்கடையில் அடுப்பு எரிகிறது, பால் வரவில்லை.

ஜூன் மாதத்தில் வேடந்தாங்கலுக்கு வழி கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு கை காட்டுகிறார்கள்.

"பறவ இல்லியே தம்பி."

தெரியும்ணே.

"தண்ணியும் இல்லியே."

அதுவும் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பால் வந்துவிட்டது.

சுமை: கூடாரம், அவல், வெல்லம், பஞ்சர் பசை, தண்ணீர். தண்ணீர்தான் கனம். குடிக்கக் குடிக்க சைக்கிள் லேசாகிறது. பயம் கனக்கிறது.

மலை ஏற என்று விற்ற சைக்கிள். இங்கே ஏறக் கிடைப்பது ஏரிக்கரை மட்டும்.

சாலையோரம் முழுக்க வேலிக்காத்தான். ஆடு மேய்ப்பவர் வெட்டிப் போட்ட கிளை பாதி வழி வரை கிடக்கிறது. அந்த முள் டயரின் தடிமனை மதிப்பதில்லை.

ஏரி. சுமார் 30 ஹெக்டேர். இத்தனை சின்னதா?

நீர்க்கடம்புகள் தரையில் நிற்கின்றன. அடிமரத்தில் தண்ணீர் நின்ற கோடு, கரையிலிருந்தே தெரிகிறது. ஆள் உயரத்துக்கும் மேலே.

கிளைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல. எல்லாம் எச்சம். கூடுகள் அப்படியே இருக்கின்றன, ஆள் இல்லாமல்.

எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்குப் போகும். உரச் செலவு குறையும். இங்கே அது பழைய கணக்கு.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்களாம். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி. காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். கலெக்டர் பெயர் லயனல் பிளேஸ். 1858-இல் மறுபடி உறுதி செய்துகொண்டார்கள்.

எழுத்தில் கேட்கத் தோன்றியிருக்கிறது. யாருக்கு முதலில் தோன்றியது? பெயர் இல்லை. கலெக்டர் பெயர் மட்டும் இருக்கிறது.

தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி கிடையாது. டயர் உருட்டிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன்.

"வெடிச்சா பறவ பூடும்."

அப்போ நீ?

"அத்த ஊட்டுக்குப் போய் வெடிப்பேன்."

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று அறிவிப்பு. 2020-இல் அதை 3 ஆக்கலாம் என்று மாநில அரசே கேட்டது. எதிர்ப்பு. கைவிட்டார்கள். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

மீட்டரில் 5 கி.மீ. காட்டிய இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். பூட்டிய ரேஷன் கடை. கொடுக்காப்புளி மரம். கோடு எதுவும் இல்லை. அந்தப் பக்க மண்ணும் இதே நிறம்.

அடுத்த ஏரி, கரிக்கிலி. 61 ஹெக்டேர். பேர் மட்டும் சின்னது. பறவைக்குக் கூடு வேடந்தாங்கலில், மேய்ச்சல் இங்கே.

ஆட்காட்டி கத்துகிறது. விடாமல். தலைக்கு மேல் வந்து வந்து திரும்புகிறது. அப்படியென்றால் முட்டை பக்கத்தில். வெறும் தரையில், கல்லோடு கல்லாக. முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி வந்த தடத்திலேயே போனேன். அது நம்பவில்லை. ரொம்ப தூரம் துரத்தியது.

வரப்பில் நத்தை ஓடுகள். நத்தைகுத்தி நாரை தின்றுபோட்டவை.

உயிரோடிருக்கிற நத்தை இந்த வெடித்த சேற்றுக்குக் கீழே. வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். மேலே நான் தண்ணீர் குடிக்கிறேன்.

முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மருதம் காய்ந்தால்?

நூறு நாள் வேலைக்காரர்கள் வேறொரு ஏரியில். எல்லாம் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்சட்டை. ஓர் அம்மா சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"கேரியர் இல்லியா?"

இல்லம்மா.

"மணி?"

அதுவும் இல்ல.

"எவ்ளோக்கு வாங்கின?"

குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே அவர் பக்கத்து ஆளைக் கூப்பிட்டார்.

உச்சி வெயில். புளியமர நிழல். நுங்கு. விரலை விட்டு உறிஞ்சும்போது மூக்கில் ஏறியது.

மதுராந்தகத்தில் இன்னொரு கதை. அடைமழை, கரை உடையப்போகிறது. இரவில் கலெக்டர் போய்ப் பார்க்கிறார். வில்லோடு இருவர் கரையில் காவல். ஏரி காத்த ராமர். தாயார் சந்நிதியில் துரை பேர் கல்லில் இருக்கிறது. லயனல் பிளேஸ்.

சாயங்காலம் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி. மூன்றும் சேரும் இடம். மணலோடு மணல் சேர்கிறது.

கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு. 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை உள்ள ஆதுலர் சாலை. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நாவிதர், யாருக்கு என்ன கூலி, எல்லாம் கணக்கு. மருந்துகளின் பெயர்கூட.

படுத்திருந்தவர் பெயர் ஒன்றும் இல்லை.

டயரில் காற்றைக் குறைத்து ஆற்றில் இறங்கினேன். கொஞ்ச தூரம் ஓட்டம், மிச்சமெல்லாம் தள்ளல். மணலில் தடம் நேராக விழவே இல்லை.

பாலாறு மொத்தம் 348 கி.மீ. தமிழ்நாட்டில் 222. வயலூரில் கடல். இங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கக் கரையே ஒரு ஊர்ப்பயணம்.

நடு ஆற்றில் குடிதண்ணீர்க் கிணறுகள். வட்டமான சிமெண்ட் தலைகள். காதை வைத்தால் உள்ளே மோட்டார். மேலே வறண்டிருக்கிறதே தவிர ஆறு வேலையில்தான் இருக்கிறது.

கரையில் ஒரு பெரியவர், மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கையால் தோண்டினால் ஊற்று வருமாம். இப்போது? மோட்டார் பக்கம் தலையை ஆட்டினார்.

2021 நவம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று ஒரு சுவரைக் காட்டினார். சுவருக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த தூரத்தை இரண்டு முறை பார்த்தேன்.

ராத்திரி ஆத்துல படுக்கலாமாய்யா? யாரக் கேக்கணும்?

"யாரக் கேக்கறதுன்னா?"

பொதுப்பணித் துறையா, பஞ்சாயத்தா...

"மணல் அள்ள வந்தவன்லாம் யாரையும் கேக்கல. நீ படுக்கறதுக்குக் கேக்கற."

அவரே களத்தில் படுக்கச் சொன்னார். ஆற்றில் ராத்திரி வண்டி இறங்கினாலும் இறங்குமாம்.

கூடாரத்தைக் கட்டி முடித்ததும் குனிந்து உள்ளே பார்த்தார். "கொசுவலைதான?" ஆமாம்.

நடுராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. வயல் மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் தானே கிளம்பின. பிறகு நாய்கள். பிறகு நான்.

காலையில் பின்சக்கரம் தரையோடு. வேலிக்காத்தான், ராத்திரி முழுக்கப் பொறுமையாக.

வாலாஜாபாத்தில் கடை எட்டரைக்கு மேல்தான் திறக்குமாம். பசை ஒரு ஒட்டுக்கு வரும். தண்ணீர் அரை பாட்டில். ஓட்டை எங்கே என்று முக்கிப் பார்க்க அதுவும் வேண்டும்.